அண்ணி தேர்ந்தெடுத்த போன்கள்

எங்கள் ஆபீஸில் அண்ணியை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவர் ஒரே ஒருவர்தான், அது முதலாளி. அவருடைய மறைந்த அண்ணனின் மனைவி அவர். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டு மெக்கானிக்குகள் கூப்பிட்டார்கள், மெக்கானிக்குகளைக் கேட்டுத் தபால்காரர் கூப்பிட்டார். கடைசியில் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவர்கள்கூட, "அண்ணி இருக்காங்களா, அவங்ககிட்ட குடுங்க" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் அவர் அண்ணியாகிப் போனார்.

நாங்கள் லிப்ட் பழுது பார்க்கிற கம்பெனி. மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். படியேறி வருகிற எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் இந்த ஜோக்கைத்தான் சொல்லுகிறார்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் வேலை போனில் புகார் எடுப்பது. எதிர் மேசையில் அண்ணி. அதனால் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவரைத் திட்டவும் கிடையாது.

கணவர் போன பிறகு, "வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க அண்ணி, ஆபீஸுக்கு வந்து உக்காருங்க" என்று முதலாளி அழைத்து வந்தாராம். வந்தார், ஆனால் உட்காரவில்லை. உங்கள் நாற்காலி கிறீச்சென்றால் மறுநாள் காலையில் அதில் எண்ணெய் விட்டிருக்கும். மதியம் உங்கள் மேசையில் வெயில் விழுந்தால் சாயங்காலம் ஜன்னலுக்குத் திரை வந்திருக்கும். எந்த மெக்கானிக்குக்கு முழங்கால் வலி, எவனுக்கு உயரம் என்றால் பயம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதற்கு ஏற்றபடிதான் ஆளை அனுப்புவார். யாருக்கும் எதுவும் சிரமமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நல்ல குணம்தானே என்பீர்கள். நல்ல குணம்தான். ஆனால் ஒன்றைக்கூட நம்மிடம் கேட்டுச் செய்ய மாட்டார். "கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க, அதான் கேட்கல" என்பார். அவருக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அது வெயிலையே பார்த்திருக்காது என்று மெக்கானிக்குகள் அவர் இல்லாதபோது சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்போது எங்களிடம் இருந்த போன்கள் பழங்காலத்துச் சமாசாரம். ஒரு மேசையில் மணி அடித்தால் எல்லா மேசையிலும் அடிக்கும், எல்லோரும் ஒன்றாக எடுப்போம், எல்லோரும் ஒன்றாக வைப்போம். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது என்றால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருநாள் ஒரு அப்பாவும் சின்னக் குழந்தையும் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள். சர்வீஸ் பகுதிக்கு மாற்றியபோது லைன் அறுந்துவிட்டது. அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், லைனே கிடைக்கவில்லை. எங்கள் ஆள் வேறு யாரோ சொல்லிப் போய்த் திறந்தபோது குழந்தை அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் அந்த மனிதர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். திட்டுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ குழந்தையை அண்ணியின் முன்னால் நிறுத்தி, "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றார். அதற்குக் குரலே வரவில்லை. காற்றுதான் வந்தது.

அன்று சாயங்காலமே அண்ணி முதலாளியின் அறைக்குள் போனார். புதுப் போன் வாங்குவதென்று முடிவாகிவிட்டது.

முடிவாகி என்ன? எந்தப் போன் என்று முடிவாக வேண்டுமே. போன்காரர் ஒருவர் பெட்டி பெட்டியாக மாதிரிகளைச் சுமந்து வந்தார். அண்ணி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மேசையில் வைத்துப் பார்த்தார். வைத்துவிட்டு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் எழுதிக்கொண்டே பேசுகிறவள், ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வேன். அதனால் வழுக்குகிற ரிசீவர் எனக்குக் கூடாது. சர்வீஸ் பகுதியில் கிரீஸ் கையோடு பொத்தானை அமுக்குவார்கள். அங்கே துடைத்தால் போகிற பொத்தான்தான் வேண்டும். முதலாளி பேசும்போது நடந்துகொண்டே இருப்பார், போனும் கூடவே இழுபட்டுக் கீழே விழும். அவருக்கு நீளமான வயர், அடியில் கனமான ரப்பர். பொத்தானில் எண் பெரிதாக இருக்க வேண்டும், சத்தத்தைக் கூட்டுகிற பொத்தான் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கிடைக்க வேண்டும், ஹோல்டில் போட்டால் மறுமுனையில் பாட்டு என்கிற பெயரில் கொசு ரீங்காரம் கேட்கக் கூடாது. ஒன்று சரியாக இருந்தால் இன்னொன்று சரியாக இருக்காது. போன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கியே பாதியாக இளைத்துவிட்டார்.

"அண்ணி, இது போன் அண்ணி. நீங்க மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்க."

"மாப்பிள்ளையாவது சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவாரு. இது நாள் முழுக்கக் காதுல இருக்கப் போகுது" என்றார் அண்ணி.

கடைசியில் ஒரு போன் அவர் மனதுக்குப் பிடித்தது. எல்லாம் சரியாக இருந்தது. அதோடு அதில் ஒரு விசேஷமும் இருந்தது. பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு. ஆளுக்கு ஒரு பொத்தான். அந்த ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தால் அவர் பேருக்கு நேராகச் சிவப்பு எரியும், எல்லோருடைய போனிலும் எரியும். யார் பேசிக்கொண்டிருக்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். விளக்கைக் கண்டதும் அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எங்களுக்குத் தெரியும், அவர் அப்போது ஸ்பேர் சாரைத்தான் நினைத்தார்.

ஸ்பேர் சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோடியில் அரைக்கதவு போட்ட ஓர் அறை உண்டு. அதற்குள் தரையிலிருந்து கூரை வரைக்கும் ராக், ராக் முழுக்க லிப்டின் உதிரி பாகங்கள். பொத்தான், கதவு உருளை, ஃபியூஸ், கம்பி. நடுவில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் அவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், கல்யாணமாகிக் கடல் கடந்து போய்விட்டாள். செல்போன் வைத்துக்கொள்ள மாட்டார். "பாக்கெட்டுக்குள்ள வண்டு வச்ச மாதிரி இருக்கு" என்பார். அதிகம் பேசாத மனிதர். ஆனால் மதியம் சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் போனை எடுத்து மகளோடு பேசுவார் பாருங்கள், அந்த நேரத்துக்கு மட்டும் அவர் வேறு ஆள்.

"எழுந்துட்டியாம்மா? ... அவன் என்ன பண்றான்? ... பல்லு விழுந்துடுச்சா! கூரை மேல போடச் சொல்லு ... மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் விட்டுச்சா? ... அட, நான் எங்கம்மா இளைச்சேன், நீ வந்து பாரு, பீப்பா மாதிரி இருக்கேன்."

அவர் சிரித்தால் அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் நாங்களும் சிரிப்போம். பேரனுக்குக் கணக்கு வராது, மகளுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மாப்பிள்ளைக்குச் சமையலில் ஆசை வந்து வீட்டையே புகைமூட்டமாக்கிவிட்டார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவர் வெளியே வந்ததும், "இன்னைக்கு என்ன சார் சொன்னா உங்க பொண்ணு?" என்று யாராவது கேட்போம். கேட்காத நாள் இல்லை. அவர் சொல்லுவார். எங்கள் சாப்பாட்டு வேளைக்கு அதுதான் கடைசியாக ஒரு வாய் இனிப்பு மாதிரி.

அவருடைய போன் தனி லைன். முன்பு அந்த அறை கிடங்காக இருந்தபோது போட்டது, வேறு எந்த மேசைக்கும் வராது. மணிச்சத்தமே கேட்பதில்லையே என்று நான்கூட ஒருமுறை கேட்டேன். "உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு கொறைச்சு வச்சிருக்கேம்மா. அவ கூப்பிடற நேரம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

இப்போது எல்லா லைனும் ஒன்றாகச் சேரப் போகிறது. அவர் பேசும்போது யாராவது குறுக்கே புகுந்துவிட்டால்? அதுதான் அண்ணியின் கவலை. அதற்குத்தான் அந்த விளக்கு. "அவரு பொண்ணுகூடப் பேசறப்ப செவப்பு எரியும். அப்ப ஒரு ஃபியூஸ் வேணும், கம்பி வேணும்னு எவனாவது அங்க போய் நின்னீங்க, பாத்துக்கங்க" என்று மெக்கானிக்குகளுக்குக் கட்டளையே போட்டுவிட்டார். ஸ்பேர் சார் அறையில் ராக்குகளுக்கு நடுவே சத்தம் அமுங்கிப் போகும் என்று அவருடைய போனின் மணியை இருப்பதிலேயே உரக்க வைத்தார். மகளின் நம்பரை ஒரு பொத்தானில் போட்டுத் தருகிறேன் என்று அதையும் கேட்டார்.

"வேண்டாம் அண்ணி. அவளே கூப்பிடுவா. எனக்குப் பழசே போதுமே, அதை அப்படியே விட்டுடுங்களேன்" என்றார் ஸ்பேர் சார்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீங்க" என்று சிரித்துவிட்டு அண்ணி அந்தப் பழைய போனைக் கழற்றச் சொன்னார். அந்த மனிதர் அதற்கு முன்னால் எதையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டதே இல்லை. அது அண்ணிக்கு உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, எங்களில் யாருக்குத்தான் உறைத்தது?

புதுப் போன்கள் வந்தன. ஐயோ, என்ன சுகம்! தோளில் இடுக்கினால் நழுவவில்லை. மாற்றிக் கொடுத்தால் அறுந்துபோகவில்லை. மாட்டிக்கொண்டு கூப்பிட்ட ஒரு பாட்டியை ஹோல்டிலேயே போடாமல் மெக்கானிக்கோடு சேர்த்துப் பேசவைத்தேன். முதலாளி நடந்தார், போன் விழவில்லை. அண்ணி ஒவ்வொரு மேசையாகப் போய், "வசதியா இருக்கா? வசதியா இருக்கா?" என்று கேட்டுப் பூரித்துப்போனார். அவருடைய வாழ்க்கையில் அவராகத் தேர்ந்தெடுத்துச் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணம்கூட வீட்டில் பார்த்து முடித்ததுதான்.

மதியம் ஸ்பேர் சார் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். மணி அடித்த நினைவில்லை, அவரே கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அரைக்கதவுக்குள் குரல் கேட்டது. "எழுந்துட்டியாம்மா?" அண்ணி ஆசையாகத் தன் போனைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

நகத்தால் தட்டிப் பார்த்தார். துணியால் துடைத்துப் பார்த்தார். என் போனை எட்டிப் பார்த்தார், அதிலும் இருட்டு. "ஆசையா வாங்கி வச்சேன், அவரு வெளக்கு மட்டும்தானா எரியாமப் போகணும்?" என்று புலம்பினார். மறுநாளும் அப்படியே. மற்றவர்கள் பேசினால் பளிச்சென்று எரிகிறது, அவர் பேசினால் எரியவில்லை. போன்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு வேறு எங்கோ வேலை. "ஒண்ணும் இல்ல அண்ணி. அவரு பேசிட்டு இருக்கிறப்ப அந்த நம்பருக்கு ஒரு கால் போடுங்க. பிஸின்னு வந்தா அவரு போன் சரியா இருக்கு, உங்க வெளக்குதான் கோளாறு. நான் வந்து மாத்திடறேன்" என்றார்.

எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஸ்பேர் சார் உள்ளே பேசிக்கொண்டிருந்தார், பேரன் பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டியில் ஓடினானாம். "விழுந்துட்டானா? அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி ரிசீவரை எடுத்து அவருடைய பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்தது.

அரைக்கதவுக்குள், அவருடைய காதில் ரிசீவர் இருக்கும்போதே, அவருடைய போன் அடித்தது. அண்ணி வைத்த அந்த உரத்த மணி. நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு கையில் ரிசீவர். மறு கையின் விரல், ரிசீவரை வைக்கிற இடத்திலுள்ள கட்டையை அழுத்திப் பிடித்திருந்தது. டயல் சத்தம் வராமல் இருக்க அப்படித்தான் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார். பிடித்திருந்தால் போனுக்கு அது வைத்த மாதிரிதானே, அடிக்கத்தான் செய்யும். அண்ணி ரிசீவரைக் காதில் வைத்தபடி கல்லாகிவிட்டார், வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நான்தான் எழுந்து எட்டி அதை அமுக்கி நிறுத்தினேன்.

"சரிம்மா, வேற யாரோ கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்" என்று ஸ்பேர் சார் ரிசீவருக்குள் சொன்னார். மெதுவாக வைத்தார்.

அப்போது அண்ணி போட்ட சத்தம் இருக்கிறதே! "என்ன போனுங்க இது, தூக்கிக் குப்பையில போட! பேசிட்டு இருக்கிறப்பவே மணி அடிக்குது! லைனும் லைனும் மோதுது! அந்த ஆளு நல்லா ஏமாத்திட்டான்!" என்று ஆபீஸே அதிரக் கத்தினார். தான் அவ்வளவு பாடுபட்டுத் தேடிப் பிடித்த போனை வாய்க்கு வந்தபடி திட்டினார். மறுநாள் போன்காரர் ஓடி வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "அண்ணி, போன்ல ஒரு கோளாறும் இல்ல. பேசிட்டு இருந்தா அது அடிக்கவே அடிக்காது. பேசாம இருந்தாத்தான்" என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடிட்டுப் போங்க!" என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. பாவம், அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அரைக்கதவுக்குப் பின்னால் ஸ்பேர் சார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காப்பாற்றுகிறேன் என்று அண்ணி கத்தினால் காப்பாற்றியதாகிவிடுமா? அதுபோகட்டும். "இன்னைக்கு என்ன சார் சொன்னா உங்க பொண்ணு?" என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாய் கேட்கவில்லை. அதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

அதன் பிறகு மதியத்தில் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். "காத்து நல்லா வருது" என்றார். எங்கள் மேசைகளில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. மெக்கானிக்குகள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்து வெளியே போய்விடுவார்கள். எனக்குச் சோறு இறங்காது. அவர் கற்பனையில் பேரனுக்கு விழுந்த பல்லுக்கு நான் ஏன் ஏங்க வேண்டும்? ஏங்கினேன், என்ன செய்ய.

அண்ணி பொறுக்க முடியாமல் ஒருநாள் அரைக்கதவருகே போய் நின்றார். பழைய போனையே திரும்ப மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். முதல் முறையாக அந்த மனுஷி ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தது அன்றைக்குத்தான்.

"எதுக்கு அண்ணி? புதுசு நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸ்பேர் சார். கொஞ்ச நேரம் ஒரு கதவு உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார். "முதல்ல நெஜமாவே கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தா. தினமும் இந்த நேரத்துக்கு. அப்புறம் வாரத்துக்கு ஒருதரம் ஆச்சு. அப்புறம் பண்டிகைக்கு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டையா இருந்தா சமாதானமாவது ஆகலாம். சும்மா அப்படியே நின்னு போச்சு."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேன். 'அப்புறம் பேசறேம்பா'ன்னா. சரி, அவளுக்கு வேலை. இங்க நீங்கல்லாம் தினம் கேட்பீங்க, என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. ஒருநாள் கூப்பிடலன்னு சொல்ல வாய் வரல. அன்னைக்கு நானே பேசினேன். நல்லா இருந்துச்சு அண்ணி. அவளும் நல்லாப் பேசினா." சிரிக்க முயன்றார். "விட்டுடுங்க. இதுக்கு ஒண்ணும் பண்ணாதீங்க."

விட்டுவிடுங்கள் என்று இரண்டாவது தரம் சொல்கிறார் அந்த மனிதர். என் மேசைக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணி தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார்.

தலையை ஆட்டினால் போதுமா, கை சும்மா இருக்க வேண்டாமா? ஸ்பேர் சாருடைய மருமகனின் சித்தப்பா குடியிருக்கிற கட்டடத்து லிப்டை நாங்கள்தான் பார்க்கிறோம். அங்கே போகிற மெக்கானிக்கிடம் சொல்லி மகளின் நம்பரை வாங்கிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணி, அவர் கேட்டாரா?"

"கேட்க மாட்டாரும்மா."

"அப்ப விட்டுடுங்க. பண்ணாதீங்கன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாரே!"

"எப்படி விடறது? நான்தானே அந்தப் போனை வச்சேன். அவரு சிரிச்சுக்கிட்டிருந்ததை நான்தானே கெடுத்தேன்" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. நான் மேலே பேசியிருந்தால் மட்டும் கேட்டிருப்பாரா?

மகளோடு அண்ணி ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதை நானும் கேட்டேன். அந்தப் பெண் கொம்பு முளைத்தவள் ஒன்றும் இல்லை. பதறிப்போனாள். "அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? கூப்பிடணும் கூப்பிடணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன் ஆன்ட்டி, நாள் ஓடிடுது. கட்டாயம் கூப்பிடறேன்" என்றாள். எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று அண்ணி சொல்லிக் கொடுத்தார். மறுநாள் ஏதோ கணக்குப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி ஸ்பேர் சாரை மதியம் கீழே இறங்கவிடாமல் உட்கார வைத்தார். பள்ளிக்கூடம் போகிற குழந்தை மாதிரி அன்று காலையிலிருந்தே அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்ல புடவை வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

போன் வந்தது. அண்ணி கொடுத்திருந்த ஆபீஸ் நம்பரில், என் மேசைக்குத்தான் வந்தது. நான் மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஹலோ, ஸ்டோர்ஸ்" என்றார் ஸ்பேர் சார். பிறகு, "யாரு?" என்றார். மறுபடியும், "யாரு?"

பிறகு எழுந்து நின்றார். ஆமாம், எழுந்து நின்றுகொண்டார், மேலதிகாரி கூப்பிட்ட மாதிரி.

"ஆங் ... நல்லா இருக்கேன். நீங்கல்லாம் சௌக்கியமா? ... இல்ல இல்ல, வேலை ஒண்ணும் இல்ல, சொல்லு ... மாத்திரை சாப்பிடறேன் ... மாப்பிள்ளை? ... நல்லது ... ரெண்டாவதா? எப்பம்மா? ... ஓ. ஸ்கூலுக்கே போகுதா. பொண்ணா? ... ரொம்ப சந்தோஷம் ... இல்லம்மா, கேட்கல, இப்பதான் தெரியும் ... சரி ... சரி ... உனக்கு நேரமாகுமே. வச்சிடட்டுமா? ... சரிம்மா."

விளக்கு அணைந்தது. எத்தனையோ மதியங்களில் அவர் அந்த மேசையில் பேசிய பேச்சு எங்கே, இது எங்கே. ஒரு சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட மனிதர் இதைவிட நிறையப் பேசுவார். பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போகிறாளாம், அவர் மனதுக்குள் நடத்திய குடும்பத்தில் அந்தப் பெண் குழந்தைக்கு இடமே இருந்திருக்கவில்லை.

அரைக்கதவைத் திறந்துகொண்டு அவர் அண்ணியின் மேசைக்கு வந்தார்.

"நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணி தலையை ஆட்டினார்.

"உங்க மேல கோபம் இல்ல அண்ணி. நல்லாத்தான் பேசினா. மரியாதையாப் பேசினா." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ குரல் மாறிப்போச்சு. வயசாயிடுச்சு இல்ல, அதான். நான் தினம் பேசிக்கிட்டு இருந்தவளுக்கு அவ இங்க இருந்தப்ப இருந்த குரல். உங்க முன்னாடி பேசறதை நிறுத்தின பெறகும் கீழ படியில உக்காந்து அவகூட மனசுக்குள்ள பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பவும் உள்ள நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். அந்தக் குரல் வரல. இப்ப பேசினாளே, இந்தக் குரல்தான் வருது."

"நான் வேணும்னு பண்ணல" என்றார் அண்ணி. "உங்களுக்கு நல்லதுன்னுதான் ..."

"தெரியும் அண்ணி" என்றார் ஸ்பேர் சார். உண்மையாகவே யோசனை கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். "ஆனா நாளைக்கு மத்தியானம் நான் யார்கூடப் பேசறது?"